ஒன்பதாம் பாகத்து வில்லன்

சபாக் பசாரில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், காய்கறி விற்கும் லெட்சுமி அக்கா உடையப்பனைப் பயத்தங்காய்க் கட்டால் இரண்டு போடு போட்டார். முதல் போடு தோளில், இரண்டாவது காதோடு சேர்த்து. "தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பிறகு அதே பயத்தங்காயை உதறிச் சரிசெய்து, பக்கத்தில் நின்ற சீனத்து அம்மாவிடம் விற்றும் விட்டார்.

சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் தன் வீட்டுக்கு உடையப்பன் வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"உஷா, இன்னிக்கி பசார்ல அடி வாங்கினேன்."

"யாருகிட்ட?"

"காய்க்காரக்காகிட்ட. நேத்து டிவியில ஒம்பதாவது பாகம் போட்டாங்கல்ல, அதப் பாத்திருக்காங்க. காதுலயே ஒண்ணு வச்சாங்க. நடிப்பு எடுபட்டிருச்சு."

மனைவி உஷாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பாலர் பள்ளி ஆசிரியை. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். போன நாடகத்துக்கும் பார்த்தார்கள், அதற்கு முந்தின நாடகத்துக்கும் பார்த்தார்கள். இவள் எப்படித்தான் அந்த ஆளோடு குடும்பம் நடத்துகிறாளோ என்கிற பார்வை.

உடையப்பனுக்கு வயது நாற்பத்தேழு. கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இருபத்தொரு வயதில் லோரி லைசென்ஸ் எடுத்து, அன்றிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர். அடர்ந்த புருவம், கட்டை மீசை, மோவாயில் செம்பனை முள் கிழித்த தழும்பு. சும்மா தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் யாரையோ வெட்டப் போகிறவர் மாதிரி இருப்பார். உள்ளே ஒன்றும் கிடையாது. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் உஷாராணியைத்தான் கூப்பிடுவார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தொலைக்காட்சி நாடகக்காரர்கள் சிலர், படம்பிடிக்கப் பழைய லயத்து வீடுகள் வேண்டும் என்று தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து கூட்டிவந்த வில்லனுக்கு இரண்டாம் நாளே வயிற்றுப்போக்கு. இயக்குநர் சத்தியசீலன் வெறுத்துப்போய் ஹாஜாவின் சாப்பாட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தார். எதிர் மேசையில் உடையப்பன் ரொட்டி சானாயைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, என்னையக் கொஞ்சம் மொறச்சிப் பாருங்க" என்றார் சத்தியசீலன். உடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறான் இவன் என்று சும்மாதான் பார்த்தார். "போதும், போதும்" என்று சத்தியசீலன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது. அதன்பிறகு தோட்டத்துக் கதை என்று எதை எடுத்தாலும் உடையப்பனுக்குப் போன் வரும். எதற்கு என்று அவர் கேட்பதில்லை. தோட்டத்துக் கதை என்றால் அதில் ஒரு பெண் கெட்டாக வேண்டும். யார் போட்ட சட்டமோ, அப்படித்தான் இருக்கிறது. கெடுக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் உடையப்பன். ஒன்பதாவது பாகத்தில் வருவார், கதவைச் சாத்துவார். பத்தாவதில் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், அல்லது பெண்ணின் அண்ணன்காரன் வெட்டிப் போடுவான். பெண்ணுக்கு, விழுந்து சாக, இருக்கவே இருக்கிறது ஆறு. பதினோராவது பாகத்திலிருந்து கதை அந்த அண்ணன்காரனின் கோபத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அவள் பெயர் என்ன என்பதுகூடப் பார்க்கிறவர்களுக்கு மறந்துபோகும்.

நாவல்களும் லேசுப்பட்டவை இல்லை. உஷாராணி மாத நாவல்களை அடுக்கி வைத்துப் படிக்கிறவர். அவற்றில் அந்த இடம் வந்ததும் காற்றடித்து விளக்கு அணையும், மூன்று புள்ளி விழும், மலர் கசங்கியது என்று ஒரு வரி வரும். அடுத்த அத்தியாயம் முழுக்க அவள் குளித்துக்கொண்டே இருப்பாள். டிவியில் மூன்று புள்ளி போட வழியில்லை என்பதால் பால் பாத்திரத்தைத் தட்டிவிடுகிறார்கள். "பால் எங்கப்பா, பால்" என்று சத்தியசீலன் தேட ஆரம்பித்தால், அடுத்தது தன் காட்சி என்று உடையப்பன் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். ஒரு தடவை பால் தீர்ந்துபோய், சமையல்காரரிடம் கெஞ்சித் தேங்காய்ப்பாலை வாங்கி ஊற்றினார்கள். டிவியில் பார்த்த ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உடையப்பனைக் குறை சொல்ல முடியாது. முதல் நாடகத்தில் அந்த நடிகைப் பெண் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்குத் தெரிந்தது லோரி ஒன்றுதான். தோட்டத்துச் சந்தில் லோரியைப் பின்னால் எடுக்கும்போது, பின்னால் நிற்கிற ஆள் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் பிரேக்கை மிதித்துவிட வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு உயிர் போகும். அதையே இங்கேயும் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, கைய எங்க புடிக்கலாம், எங்க புடிக்கக்கூடாதுன்னு மொதல்ல சொல்லிரும்மா. நடுவுல ஒனக்கு என்னமோ மாரி இருந்திச்சினா என் தோள்ல ரெண்டு தட்டு தட்டு. கேமரா ஓடட்டும், டைரக்டர் கத்தட்டும், நான் நின்னுருவேன்."

இதுவரை மூன்று பேர் தட்டியிருக்கிறார்கள். மூன்று தடவையும் அந்த நொடியே நின்றார். சத்தியசீலன் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். நடிகைகளுக்குள் பேச்சுப் பரவி, "வில்லன் யாரு, உடையப்பன் அண்ணனா? அப்ப சரி" என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. இந்த நாலாவது நாடகத்தில் கெட வேண்டியவளாக வந்த அன்பரசியும் அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவள்தான். கோலா குபு பாரு ஊர்க்காரி, இருபத்து மூன்று வயது, நல்ல வாயாடி.

அடி வாங்கிய நாலாம் நாள் சத்தியசீலன் போன் செய்தார். "அண்ணே, ஒம்பதாவது பாகம் பிச்சிக்கிச்சு. ஒங்களையும் அன்பரசியையும் விடக்கூடாதுன்னு டிவிக்காரங்க சொல்றாங்க. கதைய மாத்திட்டோம்."

"எப்படி?"

"அந்தப் பொண்ணு ஆத்துல விழல. கோயில் கமிட்டி கூடி, கெடுத்தவனே கட்டிக்கணும்னு சொல்லுது. பன்னண்டாவது பாகத்துல நீங்க தாலி கட்றீங்க. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா திருந்துறீங்க. இன்னும் பதினேழு பாகம் இருக்கு. அடுத்த நாடகத்துல ஹீரோவுக்கு அண்ணன் வேஷம், அதுவும் ஒங்களுக்குத்தான்."

உடையப்பன் லோரியை ஓரங்கட்டி நிறுத்தினார். எட்டு வருஷமாகப் பத்தாவது பாகத்தைத் தாண்டாத மனுஷன். வசனம் என்று பார்த்தால், "கத்துனா இங்க யாரு வருவா" என்ற ஒன்றுதான், நாலு நாடகத்திலும் அதே. இனிமேல் வேட்டி கட்டலாம், கண்ணீர் விடலாம், பக்கம் பக்கமாகப் பேசலாம். உஷாராணியிடம் சொன்னபோது அவருக்கு அதைவிடச் சந்தோஷம். "இனிமேலாச்சும் பள்ளிக்கூடத்துல நிமிந்து நடப்பேன்" என்றார். பட்டு வேட்டியைத் தேடி எடுத்து அன்றே இஸ்திரி போட்டு வைத்தார்.

கோயில் கமிட்டிக் காட்சியை முதலில் எடுத்து, கல்யாணம் வருகிறது, கல்யாணம் வருகிறது என்று டிவியில் விளம்பரம் போட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஹாஜா தே தாரிக்குக் காசு வாங்க மறுத்தார். "மாப்ளகிட்ட காசு வாங்கலாமா லா." பெட்ரோல் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பாலர் பள்ளி வாசலில் தாய்மார்கள் உஷாராணியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், சாரு நல்ல மனுசன் டீச்சர், அந்தப் பொண்ணக் கைவிடல பாருங்க" என்றார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் காறித் துப்பிய அதே வாய்கள்தான்.

முதல் இரண்டு நாள் உடையப்பன் காற்றில் நடந்தார். மூன்றாம் நாள் என்னமோ உறுத்த ஆரம்பித்தது. கல்யாணப் பாகத்தின் வசனத் தாள்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். திரும்பவும் படித்தார்.

"உஷா, நான் இன்னும் மன்னிப்பே கேக்கலியே."

"யாருகிட்ட?"

"அந்தப் பொண்ணுகிட்ட. கதையில. ஒம்பதாவது பாகத்துல செஞ்சேன், பன்னண்டுல தாலி கட்றேன். நடுவுல நான் என்னா நல்லது செஞ்சேன்னு எல்லாரும் முதுகுல தட்டுறாங்க?"

"அதான் கட்டிக்கிறீங்கல்ல."

"அதுல அவளுக்கு என்னா லாபம்?"

"நாடகத்துக்குப் போயி மண்டைய ஒடச்சிக்காதீங்க" என்று உஷாராணி எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளைக்கு நாற்பத்தேழு, பெண்ணுக்கு இருபத்து மூன்று என்பதும் அந்த வீட்டிலோ ஊரிலோ யார் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தாலும், கெட்டுப்போனவளுக்கு இது கிடைத்ததே பெரிது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசாருக்குப் போனார். ஊரே மன்னித்துவிட்டது, இனி பாக்கி லெட்சுமி அக்கா ஒருவர்தான், அவரும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் இந்த உறுத்தல் போய்விடும் என்று ஒரு நினைப்பு. அவரோ தலை நிமிராமல் கீரையைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். உடையப்பனே பேச்சை எடுத்தார்.

"அக்கா, இப்ப நான் நல்லவனாயிட்டேன். விளம்பரம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கட்டிக்கப் போறேன்."

"அந்தப் புள்ளைய யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லக்கா, கதையில அப்படி எழுதியிருக்கு."

லெட்சுமி அக்கா பக்கத்துக் கடையை ஒரு பார்வை பார்த்தார். அங்கே மீன் பேரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. குரலைத் தணித்து, "என்னைய யாரும் கேக்கல, தம்பி" என்றார்.

உடையப்பனுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு. சாவு வீட்டுக்கு வந்த அத்தன பேரும், நல்ல மனுசன், ஒன்னையக் கைவிடாம கட்டிக்கிட்டாருன்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போனாங்க. அன்னிக்கி நான் அடிச்சது ஒங்கள இல்ல. கோவிச்சிக்காதீங்க." ஒரு கை பச்சை மிளகாயை அள்ளிப் பையில் போட்டார். "போங்க, பின்னால ஆளு நிக்கிது."

உடையப்பன் தன் காடியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அந்த அடியை விருது மாதிரி வீடுவரைக்கும் சுமந்துகொண்டு போனோமே என்று வெட்கமாக இருந்தது. லெட்சுமி அக்கா சொன்னதை உஷாராணியிடம்கூட அவர் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டிய கதை இல்லை.

புதன்கிழமை ஒரு தோட்டத்துக் கோயிலில் கல்யாணக் காட்சி. வாழை மரம் கட்டி, மேளக்காரர்களை உட்காரவைத்து, தோட்டத்து ஜனங்களைப் பட்டுப்புடவையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த அன்பரசியிடம் உடையப்பன் மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, ஒனக்கு இந்தக் கல்யாணம் புடிச்சிருக்கா?"

"எவளுக்குண்ணே புடிக்கும்? நான் மாட்டேன்னா வேற பொண்ணு வரும். இந்தச் சம்பளத்துல வீட்டு வாடகைய அவ கட்டுவா."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உடையப்பன் போய் மணவறையில் உட்கார்ந்தார். மேளம் கொட்டியது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். எழுதியிருந்தபடி அன்பரசி இந்த இடத்தில் நிமிர்ந்து, கண்ணில் நீரோடு ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். கெட்டிக்காரப் பெண், அச்சு அசலாகச் சிரித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் சாவு வீட்டில் லெட்சுமி அக்காவும் வந்தவர்களுக்கெல்லாம் இப்படித்தான் தலையாட்டியிருப்பார் என்று உடையப்பனுக்குத் தோன்றியது. தாலியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னாண்ணே, கால் மரத்துப் போச்சா?" என்றார் சத்தியசீலன்.

"நான் கட்டல, தம்பி. இவன் போலீசுக்குப் போவட்டும். அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கட்டும், அவ மன்னிச்சாலும் சரி, மன்னிக்காட்டியும் சரி. அத எடுங்க, எத்தன தடவ வேணும்னாலும் நடிக்கிறேன்."

"நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா பாக்கி பதினாலு பாகத்த நான் யார வச்சி ஓட்றது?"

"அவள வச்சி ஓட்டுங்க. அதுக்கப்புறம் அவ என்னா ஆனான்னு ஒரு நாடகத்துலயும் காட்டலியே. கேசு நடக்கட்டும், வேலைக்குப் போவட்டும், பிரெண்டோட உக்காந்து மீ கோரெங் சாப்பிடட்டும்."

"அத யாருண்ணே பாப்பா?"

"நான் பாப்பேன்" என்றாள் மணவறையில் உட்கார்ந்திருந்த அன்பரசி.

"நீ பாத்தா பத்தாது, தங்கச்சி" என்றார் சத்தியசீலன். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்தில் கேட்டதைக் கொடுத்தால்தான் அவருக்கும் அடுத்த நாடகம். கோபப்படாமல், கெஞ்சும் குரலில்தான் சொன்னார். "அண்ணே, நல்லா யோசிச்சிக்குங்க. நீங்க போனா கல்யாணம் நிக்காது. வேற ஆளு வருவாரு. அந்த அண்ணன் வேஷமும் அவருக்குத்தான் போவும். இனிமே ஒங்களக் கூப்புட என்னால முடியாது."

உடையப்பன் யோசித்தார். ஹீரோவுக்கு அண்ணன். எட்டு வருஷம் காத்திருந்த வேஷம். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, அன்பரசியைப் பார்த்து, "ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

"மாப்ளதாண்ணே மாறுவாரு, பொண்ணு மாறாது. போய்ட்டு வாங்க" என்றாள் அவள்.

அன்று பிற்பகல் செம்பனை ஆலையில், பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக ஒருவர் லோரியிலிருந்து குதித்துக் குலை இறக்கினார். நிறுவைக்காரர் சீட்டை நீட்டிக்கொண்டே, "யாருக்கு லா கல்யாணம்?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல" என்றார் உடையப்பன்.

உஷாராணி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றுவார், வாய் திறக்க மாட்டார். ஒரு நல்ல வேஷத்தை, அதுவும் தன் மானத்தைக் காப்பாற்ற வந்த வேஷத்தை, காரணமும் சொல்லாமல் உதறிவிட்டு வந்த மனுஷனிடம் என்ன பேசுவது? சனிக்கிழமை கல்யாணப் பாகம் போட்டபோது அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். டிவியில் கீழே, உடையப்பனுக்குப் பதில் இவர் என்று ஒரு வரி ஓடியது. சிவப்பாக, கட்டுடம்போடு, தழும்பு கிழும்பு இல்லாத ஒரு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து தாலியைக் கட்டினார். ஞாயிறு காலையில் ஹாஜா பழையபடி காசு வாங்கிக்கொண்டார். "என்னாண்ணே, ஆக கடைசியில கட்டிக்காம ஓடிட்டீங்களே." தாய்மார்களின் வாட்சாப் குழுவில், அந்த ஆள் கடைசிவரைக்கும் அயோக்கியன்தான் என்று ஒருவர் எழுத, பதினோரு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். உஷாராணி அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அன்று பிற்பகல், மறு ஒளிபரப்பு நேரத்தில், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. லெட்சுமி அக்கா. பசார் வேலையை முடித்துவிட்டு, ஒரு பையில் மரவள்ளிக் கிழங்கோடு வந்திருந்தார். இந்த வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

"தம்பி எந்திரிச்சி வந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன்" என்றார். உஷாராணி அவரை உட்காரவைத்து, டிவியைப் போட்டார். கல்யாணக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "நீங்களே பாருங்கக்கா, இவரு உக்காந்திருக்க வேண்டிய எடம். வேணாம்னு வந்துட்டாரு. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றாரு."

உடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் மேளம் ஓங்கியது. அன்பரசி நிமிர்ந்து அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். அட்சதை விழுந்தது. பழக்க தோஷத்தில் உஷாராணிக்குக் கண் கலங்கியது.

"எனக்கும் இப்படித்தான் டீச்சர்" என்றார் லெட்சுமி அக்கா, கத்தரிக்காய் விலை சொல்லும் குரலில். "பத்தொம்பது வயசு. கெடுத்தவனே கட்டுனான்."

உஷாராணி அவரைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். இவருக்கு முன்பே தெரியும் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, திரும்பி வந்து லெட்சுமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

லெட்சுமி அக்காவே பேசினார். "எங்க கல்யாணத்துக்கு எரநூறு பேரு வந்திருந்தாங்க. என்னா நடந்திச்சினு எல்லாருக்கும் தெரியும், டீச்சர். ஒருத்தரும் எந்திரிச்சிப் போகல. சாப்ட்டுட்டுதான் போனாங்க."